ஹிரோஷிமா குண்டு: உயிர்க் கணக்குப் போட்டு நியாயப்படுத்த முடியுமா?

இளங்கோ_ஒசாகா (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். ஜப்பானுக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. கல்லூரி நாளிலிருந்தே இந்த விஷயத்தில் எனக்கு முடிவான ஒரு கருத்து இருந்தது. அணுகுண்டு கொடூரம்தான், ஆனால் போடாமல் விட்டிருந்தால் 1945 நவம்பரில் அமெரிக்கா கியூஷூவில் படை இறக்கியிருக்கும், இரண்டு பக்கமும் பல லட்சம் பேர் செத்திருப்பார்கள், ஆகவே குண்டில் செத்தவர்களைவிட அதனால் பிழைத்தவர்கள்தான் அதிகம் என்று அடித்துப் பேசுவேன். யாராவது மறுத்தால் ஒக்கினாவாவைச் சொல்வேன். அந்த ஒரு தீவைப் பிடிக்க 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் செத்தார்கள், தீவின் சாதாரண மக்கள் ஒரு லட்சம் அளவில் போனார்கள். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

போன மாதம் ஹிரோஷிமா போய் வந்தேன். அங்கே மியூசியத்தில் ஒரு பள்ளிப் பையனின் டிபன் பாக்ஸ் இருக்கிறது. நசுங்கிய அலுமினிய டப்பா, உள்ளே இருந்த சாப்பாடு கரிக்கட்டையாகி அப்படியே இருக்கிறது. குடும்பம் புதிதாகத் திருத்திய நிலத்தில் முதலில் விளைந்ததை வைத்து அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாடு. ஆசையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். மூன்றாம் நாள்தான் அந்த அம்மா அவனைக் கண்டுபிடித்தார், வயிற்றுக்கு அடியில் இருந்த இந்த டப்பாவை வைத்துத்தான் தன் மகன் என்று தெரிந்துகொண்டார்.

இவன் படித்தது நடுநிலைப் பள்ளி முதல் வருடம். எதிரி குண்டு போட்டால் தீ பரவாமல் இருக்க ஊருக்குள் வீடுகளை இடித்து இடைவெளி ஏற்படுத்தும் வேலைக்கு இந்த வயதுப் பிள்ளைகளைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கு அப்படி வெளியே நின்ற பிள்ளைகளில் ஏறத்தாழ 6 ஆயிரம் பேர் செத்தார்கள். காலையில் ஒரு வானிலை விமானம் வந்து போனது, 7:31-க்கு அபாயம் நீங்கியது என்று அறிவித்துவிட்டார்கள், எல்லாரும் வெளியே வந்து வேலையைத் தொடங்கினார்கள். 8:15-க்குக் குண்டு.

அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று என் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். விடை அதே விடைதான் வருகிறது. ஆனால் அதை அந்த அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்ல என்னால் முடியாது. சொல்ல முடியாத ஒன்று எப்படி நியாயம் ஆகும்? என் கணக்கில் தப்பா, இல்லை கணக்குப் போடுவதே தப்பா? வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரண்டாவது குண்டு எதற்கு என்பதையும் யாராவது விளக்கினால் நல்லது.


செந்தில்_மதுரை:

இளங்கோ, முதலில் கணக்கையே பார்ப்போம். நீங்கள் நினைக்கும் அளவுக்கு அது உறுதியான கணக்கு இல்லை.

படை இறக்கியிருந்தால் பத்து லட்சம் பேர் போயிருப்பார்கள் என்று வழக்கமாகச் சொல்லும் எண் பிரபலமானது குண்டு போட்ட பிறகுதான். அமெரிக்கப் போர்த்துறை அமைச்சராக இருந்த ஸ்டிம்சன் 1947 தொடக்கத்தில் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார், அமெரிக்கத் தரப்பில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் சேதம் வந்திருக்கலாம் என்று அதில் சொன்னார். இறந்தவர், காயம்பட்டவர் எல்லாரையும் சேர்த்துச் சொன்ன எண் அது. கேட்பவர்கள் அதை இறப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். 1945 ஜூனில் படைத்தலைமையின் திட்டக்குழு ஒன்று போட்ட மதிப்பீட்டில் அமெரிக்க இறப்பு 40 ஆயிரம் அளவில்தான் இருந்தது. இதைவிடக் கூடுதலாகச் சொன்ன மதிப்பீடுகளும் அன்றைக்கே இருந்தன, அதை மறைக்கக் கூடாது. 40 ஆயிரம் என்பதும் சின்ன எண் இல்லை. ஆனால் ஒரு பக்கம் எத்தனை பேர் என்பதே இப்படி ஆடும்போது, மறுபக்கம் செத்தவர்கள் மட்டும் உறுதியாக நிற்கிறார்கள்: அந்த வருடம் முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1 லட்சத்து 40 ஆயிரம், நாகசாகியில் 70 ஆயிரத்துக்கு மேல்.

அடுத்தது, "குண்டு இல்லையென்றால் படையெடுப்பு" என்று இரண்டே வழி இருந்ததுபோலப் பேசுவதுதான் பெரிய சிக்கல். வேறு இரண்டு விஷயங்களும் அப்போது மேசையில் இருந்தன. ஒன்று பேரரசர். ஜப்பானைச் சரணடையச் சொன்ன போட்ஸ்டாம் அறிக்கையின் வரைவில், இப்போதைய அரச வம்சத்தின் கீழேயே அரசியலமைப்புக்கு உட்பட்ட முடியாட்சி தொடரலாம் என்று ஒரு வரி இருந்தது. ஜூலை 26-ல் வெளியிடும்போது அந்த வரியை எடுத்துவிட்டார்கள். கடைசியில் என்ன நடந்தது? ஹிரோஹிட்டோ 1989-ல் சாகும்வரை பேரரசராகவே இருந்தார்! எடுத்த வரியை நடைமுறையில் திரும்பக் கொடுத்துவிட்டார்கள், நடுவில் இரண்டு ஊர் போய்விட்டது. இன்னொன்று சோவியத் யூனியன். ஆகஸ்ட் 8 இரவு அது போர் அறிவித்து மஞ்சூரியாவுக்குள் நுழைந்தது. சோவியத் நடுவில் நின்று சமாதானம் பேசும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்த ஜப்பான் தலைவர்களுக்கு அது பேரிடி. பேரரசர் ஆகஸ்ட் 15-ல் மக்களுக்கு வாசித்த உரையில் "புதிய கொடூரமான குண்டு" வருகிறது. இரண்டு நாள் கழித்துப் படைவீரர்களுக்கு விடுத்த ஆணையில் குண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, சோவியத் நுழைந்ததைத்தான் காரணமாகச் சொல்கிறார். எது முடித்தது என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள், நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இரண்டும் சேர்ந்துதான் என்பது என் எண்ணம்.

இரண்டாவது குண்டைக் கேட்டீர்கள். இதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்த விஷயம். நாகசாகிக்கு என்று தனி முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை. ஜூலை 25-ல் போன ஒரே உத்தரவில் நான்கு ஊர்கள் இருந்தன: ஹிரோஷிமா, கொக்குரா, நீகாட்டா, நாகசாகி. ஆகஸ்ட் 3-க்குப் பிறகு வானிலை இடம் கொடுத்தால் முதல் குண்டைப் போடுங்கள், அடுத்தடுத்தவை தயாராகத் தயாராகப் போடுங்கள், அவ்வளவுதான். முதல் குண்டுக்கு ஜப்பான் என்ன பதில் சொல்கிறது என்று நின்று பார்க்க அதில் இடமே இல்லை. ஆகஸ்ட் 9 காலையில் விமானம் போனது கொக்குராவுக்கு. அங்கே கீழே ஊர் தெரியவில்லை, புகையும் மேகமும். மூன்று முறை சுற்றிவிட்டு நாகசாகிக்குத் திரும்பினார்கள். 11:02-க்கு உரகாமி பள்ளத்தாக்கின் மேல் வெடித்தது. மேகம் விலகியிருந்தால் இன்னொரு ஊரின் பெயரை நாம் இப்படிச் சொல்லிக்கொண்டிருப்போம்.

மறுநாள் அமெரிக்க அதிபர் ட்ரூமன் நிறுத்தச் சொன்னார், இன்னொரு லட்சம் பேரை அழிப்பதை நினைக்கவே பயங்கரமாக இருக்கிறது, அத்தனை குழந்தைகள் என்று அமைச்சரவையில் பேசியதாக அப்போதைய வணிகத்துறை அமைச்சரின் நாட்குறிப்பு சொல்கிறது. குழந்தைகள் ஆகஸ்ட் 5-லும் அங்கேதான் இருந்தார்கள்.

இலக்கு எப்படித் தேர்ந்தார்கள் என்பதையும் பாருங்கள். குண்டைப் பற்றி ஆலோசனை சொல்ல அமெரிக்க அரசு அமைத்த குழுவின் மே 31 கூட்டக் குறிப்பில் இருப்பது: நிறையத் தொழிலாளர்கள் வேலை செய்யும், சுற்றிலும் தொழிலாளர் வீடுகள் நெருக்கமாக இருக்கும் ஒரு முக்கியமான போர்த் தொழிற்சாலை. வீடுகள் நெருக்கமாக இருப்பது அங்கே ஒரு தகுதி. ஹிரோஷிமாவை அதுவரை பெரிதாகத் தாக்காமல் விட்டு வைத்ததும் புதுக் குண்டின் விளைவு சுத்தமாகத் தெரிய வேண்டும் என்பதற்குத்தான். ஹிரோஷிமாவில் படைத் தலைமையகம் இருந்தது உண்மை. ஆனால் குறிவைத்தது ஊர் நடுவில் இருந்த பாலத்தை, வெடித்தது ஒரு மருத்துவமனைக்கு நேர்மேலே. அதை "ஒரு ராணுவத் தளம்" என்றுதான் ட்ரூமன் வானொலியில் சொன்னார்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். இடிபாட்டில் சிக்கியவர்களில் யாரை முதலில் தூக்குவது என்பதற்குக் கணக்குப் போடலாம். யாரைக் கொல்வது என்பதற்கு அந்தக் கணக்கைக் கொண்டுவரக் கூடாது.


கிள்ளான்_மலர்:

செந்தில் அண்ணே, நீங்கள் சொன்னதில் தப்பு எதுவும் நான் காணவில்லை. ஆனால் இந்தப் பேச்சு எப்போது நடந்தாலும் அமெரிக்கா, ஜப்பான் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். நாங்கள் எங்கே?

என் தாத்தா சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர். 1943-ல் ஜப்பான்காரன் ஆள் எடுக்க வந்தான். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு உண்டு என்று கிராணி (தோட்டத்துக் கணக்கர்) மூலமாகச் சொன்னார்கள். லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாம் மரண ரயில், அதாவது சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான் போட்ட ரயில் பாதை. 415 கிலோமீட்டர் பாதை, காடு, மழை, காலரா. போன வெள்ளைக்காரக் கைதிகளில் 12 ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள், அவர்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது, புல் வெட்டி அழகாக வைத்திருக்கிறார்கள். மலாயாத் தமிழர், பர்மாக்காரர், ஜாவாக்காரர் என்று செத்த ஆசியத் தொழிலாளர்கள் 80 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை. அவர்களுக்கு அப்படி வரிசைக் கல்லறை கிடையாது.

பாட்டி இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்தார். என் அப்பாவுக்கு அறுபது வயதிலும் மரவள்ளியைக் கண்டால் முகம் மாறும், வீட்டில் வாங்கவே மாட்டோம். ஜப்பான்காரன் சரணடைந்தான் என்ற செய்தி லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வந்தபோது பாட்டி வாசலில் விளக்கேற்றினாராம். அவரைப் பொறுத்தவரை அது தாமதமாக விழுந்த குண்டு. 1943-லேயே விழுந்திருந்தால் உன் தாத்தா திரும்பி வந்திருப்பார் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார். நான்ஜிங்கில், மணிலாவில் இருக்கும் பாட்டிகளும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். போர் ஒரு மாதம் கூடினால் ஆசியா முழுக்க எத்தனை பேர் கூடுதலாகச் செத்திருப்பார்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் ஒரு நாள் டிவியில் ஹிரோஷிமா பிள்ளைகளைக் காட்டினார்கள். தோல் உரிந்து கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு நடக்கிற படங்கள், அங்கே பிழைத்தவர்கள் வரைந்தவை. பாட்டி எழுந்து போய் டிவியை நிறுத்திவிட்டார். ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவும் இல்லை. கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.


ரேடியோதெரபி_கண்ணன்:

நான் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் கதிரியக்கச் சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். சட்டையில் எப்போதும் ஒரு டிஎல்டி பேட்ஜ் குத்தியிருப்போம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பினால் எங்கள் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கு வரும். வருடத்துக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது. இந்த எல்லை எங்கிருந்து வந்தது என்று படிக்கும்போதே சொல்லிக் கொடுப்பார்கள். பெரும்பகுதி ஹிரோஷிமா, நாகசாகி மக்களிடமிருந்து. ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரம் பேரை 1950-லிருந்து வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து பார்த்து எடுத்த கணக்கு. நான் பத்திரமாக வேலை செய்கிறேன் என்றால் அது அவர்கள் உடம்பில் எழுதப்பட்டதை வைத்துத்தான்.

வெடிப்பும் தீயும் கொன்றது போக, காயமே இல்லாமல் தப்பியவர்களுக்கு நடந்ததை அதிகம் பேர் சொல்வதில்லை. முதலில் வாந்தி. அப்புறம் சில நாள் சரியானது போல இருக்கும், வீட்டுக்காரர்கள் பிழைத்துவிட்டான் என்று மூச்சு விடுவார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துச் சீப்பில் கொத்தாக முடி வரும், தோலில் ஊதாப் புள்ளிகள் வரும், ஈறில் ரத்தம் நிற்காது, காய்ச்சல். எலும்பு மஜ்ஜை செத்துப்போய் ரத்தம் உற்பத்தியாகவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு அந்த ஊர் மருத்துவர்களுக்கு இது என்ன நோய் என்றே தெரியாது, அவர்களிலும் செவிலியர்களிலும் 90 சதவீதம் பேர் செத்துவிட்டார்கள் அல்லது காயம்பட்டுக் கிடந்தார்கள். அந்த வருடம் நவம்பரில் அமெரிக்க செனட் குழு முன்னால், குண்டுத் திட்டத்தை நடத்திய ஜெனரல் குரோவ்ஸ், இது மிகவும் இதமான சாவு என்று டாக்டர்கள் சொல்வதாகச் சொன்னார். நான் இந்த நோய்க்குறிகளைப் பாடமாகப் படித்தவன். அந்தச் சொல்லை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு ரத்தப் புற்றுநோய், ஆறு எட்டு வருடத்தில் உச்சம். அதற்குப் பிறகு மற்றப் புற்றுநோய்கள். வயிற்றில் இருந்த பிள்ளைகள் சிலர் சிறிய தலையோடு பிறந்தார்கள். 1947-ல் அமெரிக்கா அங்கே ஒரு ஆய்வு நிலையம் தொடங்கியது, ஜீப்பில் கூட்டிப் போய் அளந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், சிகிச்சை மட்டும் கொடுக்கவில்லை. பின்னாளில் பிறந்த பிள்ளைகளுக்கு மரபுக் குறை எதுவும் ஆய்வில் தென்படவில்லை. ஆனாலும் கல்யாணப் பேச்சில் "ஹிரோஷிமாப் பெண்ணா?" என்று கேட்டு விலகியவர்கள் ஏராளம். பல பேர் சொந்த ஊரையே மறைத்து வாழ்ந்தார்கள்.


முத்து_கே:

இவ்வளவு பேசுகிறோம், டோக்கியோவை யாரும் சொல்லவில்லை. 1945 மார்ச் 9 ராத்திரி தீக்குண்டு போட்டார்கள், ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். ஆற்றில் குதித்தவர்களும் வெந்துபோனார்கள். அதற்கு முன்னால் ஜப்பான் சீனாவின் சுங்கிங்கில் ஊர்மக்கள் மேல் குண்டு போட்டது, ஐரோப்பாவில் ஹாம்பர்க், டிரெஸ்டன். ஊரைக் கொளுத்தலாம் என்ற முடிவு அணுகுண்டுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. அணுகுண்டை மட்டும் தனியாகப் பாவம் என்றால் மற்றதெல்லாம் சாதாரணப் போர் என்று ஆகிவிடும். ஊர்மக்களைக் குறிவைத்ததுதான் குற்றம், எதை வைத்து என்பது இரண்டாவது.


ரேடியோதெரபி_கண்ணன்:

முத்து, குற்றம் ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். வேறுபாடு இரண்டு. டோக்கியோவுக்கு ஏறத்தாழ 300 விமானம் வேண்டியிருந்தது, இதற்கு ஒன்று. இன்னொன்று, டோக்கியோ தீ அணைந்தது. 2021-ல்கூட, குண்டு வெடித்த பிறகு கதிரியக்கக் கரியோடு பெய்த கறுப்பு மழையில் நனைந்தவர்களையும் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்க வேண்டும் என்று ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 76 வருடம் கழித்து, எண்பது தாண்டியவர்கள் கோர்ட்டில் நின்று வாங்கிய தீர்ப்பு.


இளங்கோ_ஒசாகா:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

என் பழைய வாதத்தை இனி நான் சொல்ல மாட்டேன். மலர் அக்கா எழுதியதற்கு என்னிடம் பதிலும் இல்லை. உங்கள் பாட்டி விளக்கேற்றியதைத் தப்பு என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? விளக்கேற்றியதும், அன்றைக்கு ராத்திரி சாப்பிடாததும் ஒரே மனுஷிதான் என்பது மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

அங்கே பார்த்த இன்னொன்றையும் எழுதுகிறேன். பூங்காவில் வளைவுபோல ஒரு நினைவுச்சின்னம், அதன் கீழே கல்லில் ஒரு வாசகம். அமைதியாக உறங்குங்கள், தவறு மறுபடி செய்யப்படாது என்பதுபோல வரும். ஜப்பானிய மொழியில் அதற்கு எழுவாயே இல்லை, யார் செய்த தவறு என்று வினைச்சொல்லிலிருந்தும் தெரியாது. 1952-ல் அங்கே போன நீதிபதி ராதாபினோத் பால், போருக்குப் பிறகு ஜப்பான் தலைவர்களை விசாரித்த டோக்கியோ தீர்ப்பாயத்தில் எல்லாரையும் விடுவிக்க வேண்டும் என்று தனித்து நின்று மறுப்புத் தீர்ப்பு எழுதியவர், குண்டு போட்டது ஜப்பான் இல்லையே, இது யாருடைய தவறு என்று கேட்டார். மனிதகுலம் முழுவதும்தான் என்று ஊர்க்காரர்கள் விளக்கம் சொன்னார்கள். நான் அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். "செய்ய மாட்டோம்" என்று சொல்லிவிடலாம், ஆனால் உடனே நாங்களா நாமா என்று கேள்வி வருகிறது. நாங்கள் என்றால் ஜப்பான். நாம் என்றால் இறந்தவர்களும் அதில் சேர்ந்துவிடுகிறார்கள். இரண்டும் பொருந்தவில்லை. கட்டாயமாகக் கூட்டி வரப்பட்டவர்கள் உட்பட அங்கே செத்த கொரியர்களின் நினைவுச்சின்னம் 1999 வரைக்கும் அந்தப் பூங்காவுக்கு வெளியேதான் இருந்தது என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். அவர்கள் எந்த "நாம்"?

அந்த வளைவுக்குக் கீழே கல்பெட்டியில் இறந்தவர்களின் பெயர்ப் பதிவேடுகள் இருக்கின்றன. 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், வருடாவருடம் கூடுகிறது. மே மாதம் அவற்றை வெளியே எடுத்து, ஈரம் தங்காமல் இருக்க வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டிக் காற்றாட விடுகிறார்கள். அதில் ஒரு ஏடு பெயர் தெரியாதவர்களுக்கானது.

மலர் அக்கா, உங்கள் தாத்தா பெயர் எங்காவது பதிவாகியிருக்கிறதா?


கிள்ளான்_மலர்:

இல்லை தம்பி. தோட்டத்துச் செக்ரோலில் (ஆள்பெயர்ப் பதிவேட்டில்) இருந்திருக்கும், அந்தத் தோட்டமே இப்போது வீட்டுமனை ஆகிவிட்டது. காஞ்சனபுரிக்கு நாங்கள் இரண்டு தடவை போயிருக்கிறோம், வெள்ளைக்காரர் கல்லறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆற்றங்கரையில் கற்பூரம் ஏற்றி வைத்துவிட்டு வந்தோம்.

அவர் பெயர் பெருமாள். இங்கே எழுதி வைக்கிறேன்.